கடைவாய்க்கால்

நாலு பெட்டியையும் ஒரே மேசையில் கவிழ்த்துக்
கலந்த பிறகுதான் எண்ணவேண்டும்,
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.
எந்த ஊர் என்ன சொன்னதென்று
எவருக்கும் தெரியக்கூடாதாம்.
நல்ல விதிதான்.
சீட்டில் ஒட்டிவந்த மண்ணை
யாரும் துடைத்துவிட்டுப் போடவில்லை.

செம்பாட்டு விரலடையாளம் விழுந்தால்
தலைமதகுப் பக்கம்.
கறுத்த களி காய்ந்து உதிர்ந்தால் யூனிற் ஒன்பது.
நாலாய் மடித்து நகத்தால் நீவியிருந்தால்
வாத்திமார் குடியிருக்கிற ஒழுங்கை,
சந்தேகமேயில்லை.

துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது.
இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது,
அதுவும் சீட்டுகள் பறக்க நிறுத்தினார்கள்.
'ஆம்' கட்டு என் பொறுப்பு.
'இல்லை' கட்டு தர்மிலாவினது.
ஐம்பது சேர்ந்தால் ஒரு றப்பர் வளையம்.

கேள்வி ஒன்றரைப் பந்தி.
விருப்பு வாக்கை எடுத்துவிட்டு
தொகுதிக்கு ஓராள் என மாற்றச் சம்மதமா?
புதுத் தொகுதிக் கோடு
எங்கள் குளத்தை நடுவால் பிளந்தது:
இடதுகரை ஒருவருக்கு, வலதுகரை இன்னொருவருக்கு.
கீறியவருக்குக் குளம்
நீலமாய்த் தெரிந்திருக்கும்.
ஆவணியில் வந்திருந்தால்
மாடுகள் கடக்கிற கோட்டைக் கண்டிருப்பார்.

தலைமதகுக்காரர் 'இல்லை'.
தண்ணீர் முதலில் பாய்கிற வயலுக்கு
மாற்றம் என்ற சொல்லே பிடிக்காது.
"இருக்கிறதை ஏன் கிளறுவான்?" என்று
கமக்காரர் அமைப்புப் பொருளாளர் கதிரேசபிள்ளை
சிறுபோகக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்,
உரக் கணக்குக்கும் மாட்டுக் காவலுக்கும் நடுவில்.

கடைவாய்க்காலில் 'ஆம்'.
சீர்திருத்தம் விளங்கி அல்ல.
"ஏசுறதுக்காவது ஒருத்தன் வேணும் தங்கச்சி,"
போன கிழமை பெருமாயி சொன்னா,
"அவன் வீடு எதுன்னு நமக்குத் தெரியணும்."

எழுபத்தேழில் மலையிலிருந்து
லொறியில் வந்து இறங்கியவர்கள்.
வாய்க்கால் முடிகிற இடத்தில் காடு வெட்டினார்கள்.
பிரசாவுரிமைத் துண்டு கைக்கு வரும்போது
பெருமாயிக்கு நாற்பது கடந்திருந்தது.
யூனிற் ஒன்பதில் ஆறேமுக்காலுக்கே வரிசை,
தண்ணீர் கட்டிய காலோடு.
எதைக் கேட்டாலும் வருவார்கள்.
தங்களிடம் கேட்கிறார்களே என்று வருவார்கள்.

நிராகரித்த சீட்டுகள் ஒரு சிறு கட்டு.
இரண்டு கூட்டுக்கும் குறுக்கே
'யானைவேலி எப்ப?' என்று ஒன்று.
'பஸ்' என்று மட்டும் மூன்று,
ஒரே கையெழுத்தில் இல்லை.
ஒன்றில் ஒரு பெயர்.
தகப்பன் பெயரோடு முழுப்பெயர், பிறந்த திகதி,
அவ்வளவுதான்.
தர்மிலா அதைத் தேவைக்கு மேலாகப் பார்த்தாள்.
செல்லுபடியற்றது, என்றார் பிரதம அலுவலர்,
வேறு சீட்டுகளுக்குச் சொன்னதைவிட மெதுவாக.

ஆறு வாக்கு வித்தியாசம்.
எந்தப் பக்கம் என்பதை வானொலி சொல்லியிருக்கும்.

விடியப்புறம் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வாளர்,
யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.
"உங்கள் பகுதி மட்டும் ஏன் சரிபாதி?
கட்சி பிளவுபட்டதாலா? இளைஞர் வாக்கா?
வாக்களிப்புக் கோலம் ஒன்று தெரிகிறதே."
நகக்கண்ணைப் பார்த்தேன்.
சிவப்பும் கறுப்பும் இன்னும் கலக்கவில்லை.
"எனக்குத் தெரியாது சேர்," என்றேன்.
அவர் பரவாயில்லை என்றார்,
என்னிடமே ஒரு விளக்கமும் சொன்னார்,
சாதி, வயது, வீதம்.
பேருந்து வரும்வரைக்கும் கேட்டேன்.

இறங்கி நடக்கையில் பெருமாயி வரம்பில் நின்றா,
மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு.
சுண்டுவிரல் மை அப்படியே கிடந்தது.
யார் வென்றது என்று கேட்பாள் என நினைத்தேன்,
பதிலையும் ஆயத்தம் பண்ணிவிட்டேன்.
"மேல மதகு தொறந்திருந்துச்சா?"
கவனிக்கயில்லை அக்கா, என்றேன்.
அது உண்மை.